மாமியாருக்குப் பூ டீ கொடுக்கலாமா? ஆவாரம்பூ, செம்பருத்தி, சங்குப்பூ பற்றி ஒரு விரிவான பதில்

பலமநேரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, என் மாமியாருக்கு 58 வயது. ஏழு வருடமாகச் சர்க்கரை. பிரஷர் இப்போதுதான் வந்திருக்கிறது. இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். ஆவாரம்பூ, செம்பருத்தி, சங்குப்பூ, ரோஜா எல்லாம் கலந்த பூ டீ பாக்கெட் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். தினமும் குடிக்கலாமா? இதைக் குடித்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்கிறாரே, சரியா? வீட்டிலேயே செய்ய முடியுமா?"

நடுவில் இருக்கிற மாத்திரைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம்மா. ஒரு வேளை மாத்திரையைக்கூடப் பூவை நம்பி விடக்கூடாது.

எங்கள் குடும்பத்துக்குக் குடியாத்தத்தில் நாட்டு மருந்துக் கடை. தாவரவியல் படித்துவிட்டு அந்தக் கடையிலேயே உட்கார்ந்தவள் நான். கல்லாவுக்குப் பின்னால் எப்போதும் ஆவாரம்பூ மூட்டை இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில், என் அப்பாவே "கஷாயம்தான் குடிக்கிறேனே" என்று யாரிடமும் சொல்லாமல் 40 நாள் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். செருப்பு கடித்த புண் ஆறாமல் இருந்ததைப் பார்த்துத்தான் ரத்தம் பரிசோதித்தோம். வெறும் வயிற்றில் 312. சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுப் புண். அது ஆற மூன்று மாதம் ஆயிற்று. பூவின் மேல் எனக்கு வருத்தமில்லை. அதனால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டியது நாங்கள்தான். இதை நான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வதுண்டு, அப்பாவும் சொல்லச் சொல்லித்தான் போனார்.

சரி, இனி பூவுக்கு வருவோம்.

பூ டீ என்று நாம் சொன்னாலும் அதில் தேயிலை கிடையாது. பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் தண்ணீர், அவ்வளவுதான். நம் பாட்டிமார் இதைக் குடிநீர் என்றார்கள், கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் கஷாயம். தேயிலை இல்லாததால் காஃபீன் இல்லை, ராத்திரி ஏழு மணிக்குக் குடித்தாலும் தூக்கம் கெடாது. இதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது, அதை எந்தப் பாக்கெட்டிலும் அச்சடிக்க மாட்டார்கள். உங்கள் மாமியார் ஒரு நாளைக்கு எத்தனை பால் டீ குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்தில் நான்கு சாதாரணம். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். அதில் இரண்டு டம்ளரை நிறுத்தி, அந்த வேளையில் இனிப்பில்லாத பூ டீ கொடுத்தால் நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம் சர்க்கரை உடம்புக்குள் போகாமல் நிற்கும். இது பூவின் மருத்துவக் குணமே இல்லாவிட்டாலும் கிடைக்கிற லாபம். இதற்காகவே நான் பூ டீயை ஆதரிக்கிறேன். ஆனால் அதில் நாட்டுச் சர்க்கரையோ தேனோ கலந்தால் கணக்கு பழையபடி ஆகிவிடும். சர்க்கரை நோய்க்காரர் உடம்புக்கு நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

ஆவாரையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது நம் மண்ணின் பூ. பரதராமி தாண்டிச் சித்தூர் போகும் சாலையில் இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூத்து நிற்பது அதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்குக்காரர்கள் தங்கேடு என்பார்கள். தெலங்கானாவின் மாநிலப் பூ, பதுக்கம்மா பண்டிகைக்கு அடுக்கும் பூக்களில் முக்கியமானது. நாமோ "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழியே வைத்திருக்கிறோம். வானம் பொய்த்த வருடத்திலும் கல்லாங்குத்தில் நின்று பூக்கும் செடி, ஆடும் மாடும் அவ்வளவாக வாய் வைக்காது. அதனால்தான் நமக்கு இவ்வளவு மிஞ்சுகிறது.

இதன் பட்டைக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்துத் தோல் தொழில் ஆவாரம்பட்டையை ஊறவைத்த தண்ணீரில்தான் ஒரு காலத்தில் தோலைப் பதனிட்டது. வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டையும் குரோமியமும் வந்தது அதற்குப் பிறகு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோலை இறுக்கிய அந்தத் துவர்ப்புச் சத்துதான், டானின் என்பார்கள், பூவிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆவாரம்பூ டீ குடித்ததும் நாக்கின் ஓரத்தில் ஒரு பிடிப்பு தெரியும், அது இதனால்தான். சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் இந்த டானின் தடுக்கும். ஆகவே ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்து இதைக் குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சர்க்கரைக்கு ஆவாரை உதவுமா? சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒரு மருந்தே இருக்கிறது. ஆனால் அது பூ மட்டுமில்லை. ஆவாரையோடு கொன்றை, நாவல், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என்று பல சரக்கு சேர்ந்த கூட்டு மருந்து, சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து அளவு சொல்வார். பூவை மட்டும் எடுத்துக்கொண்டால், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆவாரம்பூச் சாற்றைச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரையும் கொழுப்பும் குறைந்ததென்று 2002இல் வெளியிட்டார்கள். நல்ல செய்திதான், ஆனால் எலிக்குக் கொடுத்தது காய்ச்சிச் செறிவாக்கிய சாறு. நாம் குடிப்பது ஒரு டம்ளர் வெந்நீரில் பத்துப் பூ. ஆகவே மாமியாரிடம் "இது சர்க்கரைக்கு ஆகாரம் மாதிரி ஒரு துணை, மருந்து இல்லை" என்று சொல்லுங்கள். துணை என்று சொன்னாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் கெட்டியான கஷாயமாகக் குடித்தால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் உடனே ஏதாவது இனிப்பு வாயில் போட்டுவிட்டு, சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது செம்பருத்தி. இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது, பாக்கெட் போடுகிறவர்களே குழப்புகிறார்கள்.

"செம்பருத்தி டீ பிரஷரைக் குறைக்கும்" என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் ஆராய்ச்சி செய்யப்பட்டது நம் வாசலில் பூக்கும், பிள்ளையாருக்கு வைக்கும் செம்பருத்தி இல்லை. அதன் தங்கச்சி முறைச் செடி ஒன்று இருக்கிறது. நம் புளிச்ச கீரை, உங்கள் ஊர்க் கோங்கூரா, அந்த இனம். அதில் ஒரு வகைக்குப் பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றியிருக்கும் புல்லி இதழ் சதைப்பிடிப்பாக, ரத்தச் சிவப்பாக வளரும். எகிப்திலும் சூடானிலும் கர்க்கடே என்று குடிப்பது அதைத்தான். கீரைக்கென்றே வளர்க்கும் கோங்கூராவில் இந்த உறை மெலிந்து நாராக இருக்கும், டீக்கு அவ்வளவாக உதவாது.

அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 30 முதல் 70 வயது வரையான 65 பேரிடம் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பிரஷர் லேசாக ஏறியிருந்தது. ஒரு பாதிப் பேருக்கு இந்தச் சிவப்பு டீ தினமும் மூன்று கப். கப்புக்கு 240 மில்லி தண்ணீர், 1.25 கிராம் உலர்ந்த புல்லி. மற்ற பாதிக்கு அதே நிறம், அதே ருசியில் ஒரு போலி பானம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் மேல் அளவு பிரஷர் டீ குடித்தவர்களுக்குச் சராசரியாக 7.2 குறைந்திருந்தது, போலி குடித்தவர்களுக்கு 1.3. சிறிய சோதனைதான், ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்டது. பூ டீக்களில் மனிதர்களிடம் இவ்வளவு தெளிவாகப் பலன் காட்டியது வேறொன்றில்லை என்பது என் கணிப்பு.

உங்கள் பாக்கெட்டில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். கெட்டியாக, கோழி நகம் மாதிரி வளைந்து, உள்பக்கம் மழமழவென்று கருஞ்சிவப்பில் இருந்தால் அது புளிச்சை வகை. மெல்லிய காகிதம்போல் சுருங்கி, விரலில் தேய்த்தால் பொடியாகி, நரம்புக் கோடு தெரிந்தால் அது நம் செம்பருத்தி இதழ். இன்னும் சந்தேகமா, ஒரு துண்டை வெந்நீரில் போட்டு வாயில் வைத்துப் பாருங்கள். புளிச்சை சுர்ரென்று புளிக்கும். செம்பருத்திக்குப் புளிப்பு கிடையாது, சற்று வழவழப்பு இருக்கும். தலைக்குத் தேய்க்கும்போது நுரைத்து வழுக்குமே, அதே வழவழப்பு.

வாசல் செம்பருத்தி டீ குடிக்கவே கூடாதா என்றால், அப்படியில்லை. உடம்புச் சூட்டுக்கு, வாய்ப்புண்ணுக்கு என்று நம் வீடுகளில் பச்சை இதழைத் தின்பதே உண்டு. ஒற்றை அடுக்குச் சிவப்பு நாட்டுப் பூவாகப் பாருங்கள், காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கிவிடுங்கள். ஆனால் கர்ப்பமாக இருக்கிறவர்களும் குழந்தைக்குக் காத்திருக்கிறவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. செம்பருத்திப் பூச்சாறு கரு தங்குவதைத் தடுப்பதை விலங்குகளிடம் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் மாமியாரோடு சேர்ந்து குடிக்கப் போகிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

புளிச்சை டீக்கும் ஒரு நிபந்தனை. நல்ல புளிப்பு, ஆகவே அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், எவர்சில்வரோ மண்சட்டியோ எடுங்கள். வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குடிப்பது பல் எனாமலைக் கரைக்கும், குடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். அல்சர் உள்ளவர்களுக்கு நெஞ்சு எரியும். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து அளவு அதிகமாகத் தாழ்ந்துவிட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், வயதானவர்கள் குளியலறையில் விழுவது அப்படித்தான். எனவே மாமியாருக்கு மூன்று கப் வேண்டாம், ஒன்று போதும், அதுவும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

சங்குப்பூவுக்கு நீல நிறம்தான் பெருமை. தாய்லாந்தில் இதைக் குளிர்பானமாகவே விற்கிறார்கள். அந்தோசயனின் என்ற நிறமி, நாவல் பழத்திலும் இருப்பது. நான்கைந்து பூவை வெந்நீரில் போட்டால் மை நீலம், அரை எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே கத்தரிப்பூ நிறம். பள்ளியில் லிட்மஸ் தாளில் பார்த்த அதே வித்தை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து காட்டுங்கள், கலர் சோடா கேட்பதை மறந்துவிடுவார்கள். ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஞாபகசக்தி, கண் பார்வை என்று பாக்கெட்டில் போட்டிருப்பதையெல்லாம் மனிதர்களிடம் நிரூபித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலியில் படர்ந்த கொடியிலிருந்து பறித்துக் குடிக்க நல்ல பானம், அவ்வளவு. பூவை மட்டும் எடுங்கள், விதையும் வேரும் பேதியாக்கும்.

ரோஜா விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பூ நல்ல பூ. பன்னீர் ரோஜா இதழ் பாலிலும் டீயிலும் மணமாக இருக்கும், குல்கந்து நாம் காலங்காலமாகத் தின்பதுதான். ஆனால் மாலைக்கு வளர்க்கும் ரோஜாவையும் சாமந்தியையும் யாரும் வாய்க்காக வளர்ப்பதில்லை. குப்பம், வி.கோட்டா, ஓசூர் பக்கம் பூந்தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புழுவுக்கும் பூஞ்சைக்கும் எத்தனை தடவை மருந்தடிக்கிறார்கள் என்று. கீரை, தக்காளிக்காவது மருந்தடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. சாமி தலையில் வைக்கிற பூவுக்கு அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? ஒரு தடவை மார்க்கெட்டில் மிஞ்சிய ரோஜா இரண்டு கிலோவை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, மாடியில் உலர்த்தினேன். மறுநாள் காலை துணியை விலக்கியதும் ரோஜா மணத்துக்கு அடியில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. அப்படியே குழியில் போட்டு மூடினேன். அன்றிலிருந்து கடையில் பூ மார்க்கெட் பூவை வாங்குவதில்லை. நீங்களும் பூக்காரம்மாவிடம் வாங்கிய பூவிலும் சாமிக்குப் போட்டு எடுத்த பூவிலும் டீ போடாதீர்கள். தொட்டியில் நீங்களே வளர்த்த ரோஜா என்றால் தாராளமாக.

சாமந்தி என்றதும் இன்னொன்று. கடைகளில் கெமோமில் என்று விற்பது சீமைச் சாமந்தி, நம் மாலைச் சாமந்தி இல்லை. தூக்கத்துக்குக் குடிப்பார்கள், லேசாக மனதை ஆற்றும். ஆனால் அது பார்த்தீனியம் குடும்பத்துச் செடி. பார்த்தீனியம் பட்டால் தோல் தடிக்கிறவர்கள், மூச்சு இழுக்கிறவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்குக் கெமோமிலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் செய்வதைக் கேட்டீர்கள். செய்யலாம், அதுதான் சிறந்தது. ஆனால் பறிப்பதற்கு முன் பூவைத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சளாக இருப்பதெல்லாம் ஆவாரை இல்லை. மஞ்சள் அரளி, சிலர் திருவாச்சி என்பார்கள், அது குழல் மாதிரி நீண்ட ஒற்றைப் பூ, இலை நீளமாக மெலிந்திருக்கும், கிள்ளினால் பால் வரும். அது இதயத்தை நிறுத்தும் விஷம். ஆவாரை கொத்தாகப் பூக்கும், ஐந்து இதழ், புளிய இலையைக் கொஞ்சம் பெரிதாக்கிய மாதிரி இலை, தட்டையான காகிதம் போன்ற காய், கிள்ளினால் பால் வராது. எந்த நிற அரளியும் வாய்க்கு ஆகாது. கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. சந்தேகம் இருக்கிற பூவைப் பறிக்காதீர்கள், இதில் தைரியம் வேண்டாம்.

மோர்தானா அணைப் பக்கத்திலிருந்து எனக்கு ஆவாரம்பூ கொண்டுவரும் பெண்கள் விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துவிடுவார்கள். தார்ச்சாலை ஓரத்துப் பூவை எடுக்க மாட்டார்கள், லாரிப் புகையும் புழுதியும் அதில்தான் படியும். உள்ளே போய்ப் பறிப்பார்கள். பறித்ததும் மூட்டை கட்டினால் உள்ளே வெந்து கருத்துப்போகும், ஆகவே கூடையில் அப்படியே தளர்வாக. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி அரைமணி நேரம் விட்டால் எறும்பும் வண்டும் தானாக வெளியே ஓடும். பிறகு ஒரு தடவை தண்ணீரில் அலசி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். பங்குனி, சித்திரையில் மூன்று நாள் போதும், மழைக்காலத்தில் உலர்த்தவே முயலாதீர்கள், பூசணம் பிடிக்கும். முறம் நிறையப் பூ காய்ந்த பிறகு இரண்டு கைப்பிடிதான் தேறும். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். வாடை மாறினாலோ வெள்ளையாக நூல் படர்ந்தாலோ பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.

டீ போட, ஒரு டம்ளர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்கி, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த பூவைப் போட்டு, தட்டால் மூடி, ஆறேழு நிமிடம் விடுங்கள். ஆவாரையை வேண்டுமானால் இரண்டு நிமிடம் கொதிக்க விடலாம், மற்றவற்றைக் கொதிக்கவிட்டால் மணமும் நிறமும் போய்விடும். ஒரு சிட்டிகை சுக்கு அல்லது ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால் மாமியாருக்கு டீ குடித்த நிறைவு வரும். அந்த நிறைவு முக்கியம், இல்லையென்றால் நான்காம் நாள் பால் டீக்குத் திரும்பிவிடுவார்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், பால் கொடுக்கிற தாய்மார்கள், சின்னக் குழந்தைகள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இதையெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். ஏழு வருடச் சர்க்கரை என்பதால் உங்கள் மாமியாருக்கும் சிறுநீரகப் பரிசோதனை ஒன்று செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வாங்கி வைத்த பாக்கெட்டை என்ன செய்வது? எந்தப் பூ எவ்வளவு என்று அதில் போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால், ஒரு ரோஜா இதழைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். உடனே தண்ணீர் முழுக்கச் சிவந்தால் சாயம் ஏற்றியது, தூக்கிப் போடுங்கள். பூ தன் நிறத்தைப் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் விடாது. எனக்குக் கேட்டால் கலவையே வேண்டாம். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் நான்கில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதல் இரண்டு வாரம் ஆவாரம்பூ மட்டும், சாயங்கால டீக்குப் பதிலாக ஒரு டம்ளர். ஒத்துக்கொண்டால் மூன்றாம் வாரம் காலை பதினோரு மணி டீயையும் மாற்றி, அதற்குப் புளிச்சையோ சங்குப்பூவோ வைத்துப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் வாரம் இரண்டு நாள் வெறும் வயிற்றில் பார்த்து, பிரஷரையும் பார்த்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். மாத்திரை வழக்கம்போல. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்களையும், குடிக்கிற பூவில் ஒரு பிடியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அதைப் பார்த்து அவர் சொல்லட்டும்.